கூட்டத்துக்கு முன்னால் ஒருத்தி

அத்தியாயம் 17

நேசையன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நியூயார்க் வக்கீல்கள் அனுப்பிய ஒரு பக்க வாக்குமூலத்தை அவர் மனைவி சுகிர்தராணி போன வாரமே பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். அந்த மேசையில்தான் அவர் தினமும் சாப்பிட்டார். பாட்டிலைத் தூக்கி ஊறுகாய் எடுத்துக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தார். காகிதத்தின் மேல் எண்ணெய் வட்டம்தான் பெரிதாகிக்கொண்டு வந்தது.

இன்று சாயங்காலம் கோர்ட்.

ஓரிபெல் என்ற அமெரிக்கக் கம்பெனியை மறந்திருக்க மாட்டீர்கள். சோலார் தகடுகளில் படியும் மணலைத் துடைக்கிற ரோபோட்டுகளைச் செய்கிற கம்பெனி. வளைகுடா பாலைவனங்களில் மட்டும் ஆயிரக்கணக்கான ரோபோட்டுகள் ஓடுவதாக அது உலகத்துக்குச் சொன்னது. அதை நம்பிப் பங்கு வாங்கியவர்களில், அபுதாபி ருவைஸில் நர்ஸாக இருக்கும் சுகிர்தராணியும் ஒருத்தி. பெரும்பாலானவை ஓடவே இல்லை என்று ஒரு நாள் செய்தி வந்தது. பங்கு விலை விழுந்தது. அவள் டூட்டி பார்த்துச் சேர்த்ததும், ஊரில் கருங்கல் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றதும் அதோடு போயின.

நஷ்டப்பட்டவர்கள் உலகம் முழுக்கப் பரந்து கிடந்தார்கள். ஆளுக்கு ஒரு வழக்குப் போட்டால் எந்தக் கோர்ட்டும் தாங்காது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்கு, முன்னால் நின்று அதை நடத்த ஒரே ஆள். அந்த இடத்தைக் கேட்டுச் சுகிர்தராணி மனுப் போட்டாள். கனெக்டிகட்டிலுள்ள ஒரு முதலீட்டு நிறுவனமும் அதே இடத்தைக் கேட்டது. யாரை நிறுத்துவது என்று நீதிபதி இன்றைக்குத் தீர்மானிக்கப் போகிறார்.

காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோதே நஜீஹா கூப்பிட்டாள். கல்முனையில் பிறந்து, ஷார்ஜாவில் பள்ளிக்கூடம் படித்து, நியூயார்க்கில் வக்கீலான பெண். சுகிர்தராணியின் வழக்கைக் கவனிக்கிற ஆபீஸில் சின்ன வக்கீல் அவள்தான். அங்கே நள்ளிரவாகப் போகிறது, இன்னும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை.

"அக்கா, நேசையன் சேர் கையெழுத்து வெச்சிட்டாரா?"

"இல்ல பிள்ளே."

"அது இல்லாட்டி கஷ்டம் அக்கா. சட்டப்படி பாத்தா உங்கட பக்கம்தான் பலம். கேட்டவங்கள்ல ஆருக்குக் கூட நட்டமோ, அவரத்தான் பொருத்தமான ஆள் எண்டு கோர்ட் முதல்ல எடுக்கும். அது நீங்க. அந்தக் கனெக்டிகட் ஃபண்ட் பாதியில வித்து லாபம் பாத்திருக்கு, கழிச்சுப் பாத்தா அவங்களுக்குக் குறைவு. ஆனா இவ தகுதியான ஆள் இல்ல எண்டு அவங்க ஆதாரத்தோட காட்டிட்டா, உங்களத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"ஆதாரம் அந்த வீடியோதானே."

"அதுதான்."

அந்த வீடியோ ருவைஸ் தமிழ்ச் சபையின் கிறிஸ்துமஸ் விழாவில் எடுத்தது. பங்கு ஏறிக்கொண்டிருந்த காலம். மைக் கையில் கிடைத்ததும் நேசையன், "கணக்கு பெஞ்சாதிக்க பேருல. மூளை நமக்குள்ளது" என்றார். மண்டபமே கைதட்டியது. யாரோ அதை யூடியூபில் போட்டார்கள். எதிர்த்தரப்பான கனெக்டிகட் நிறுவனத்தின் வக்கீல்கள் அதைத் தேடிப் பிடித்து, மொழிபெயர்த்துக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பெண் வெறும் பெயர், வாங்கியதும் விற்றதும் புருஷன், ஒன்றும் தெரியாத ஒருத்தியை நம்பி இத்தனை பேரின் வழக்கை ஒப்படைக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

"இன்னொண்டும் இரிக்கு அக்கா." நஜீஹா தயங்கினாள். "அந்த ஃபண்ட் ஒரு சமாதானம் சொல்லுது. ரெண்டு பேரும் சேர்ந்து முன்னால நிப்பமாம். முடிவெல்லாம் அவங்க எடுப்பாங்க. நீங்க மீட்டிங்குக்கும் வரத் தேவையில்ல. எங்கட பெரிய வக்கீலும் ஓம் எண்டு சொல்லச் சொல்றார்."

"பின்னே நான் என்ன செய்யணும்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்ல. பேர் மட்டும் இரிக்கும்."

சுகிர்தராணி சீப்பைக் கீழே வைத்தாள்.

"நான் பேருக்கு நிக்குதவன்னுதானே அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. அது பொய்யின்னு காட்டதுக்கு நான் பேருக்குப் போய் நிக்கணுமா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க பெரிய வக்கீல்ட்ட சொல்லு. வக்கீலுங்க அவங்க இஷ்டத்துக்குக் கேசை ஓட்டப்படாது, நஷ்டப்பட்ட ஆளு ஒருத்தன் மேல இருந்து பாக்கணும்னுதான் இந்தச் சட்டம் வந்ததுன்னு நீதானே எனக்குச் சொல்லித் தந்த. அந்த ஆளு இப்ப வேண்டாம்னு சொல்லுதான்னு சொல்லு."

"அப்படியே சொல்லவா?"

"அப்படியே."

மறுமுனையில் நஜீஹா சிரிப்பை அடக்குவது கேட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நீலக் கவரால் சீருடை போட்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி நேசையன் வாசலில் நின்றார். ரிஃபைனரியில் கருவிகளைச் சரிபார்க்கிற டெக்னீஷியன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"அவன் குடுக்கியதெ வாங்கிட்டா என்ன ராணி? பேரும் இருக்கும், பெகளமும் இருக்காது."

"நீங்க அந்தப் பேப்பருல ஒப்புப் போட்டாலும் பெகளம் இருக்காது."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா? நான் வெளையாட்டாச் சொன்னதாம். இஞ்ச உள்ள ஆளுவ எல்லாம் எனக்க முகத்துல பாத்துச் சிரிப்பாவ."

"ஏறும்போ உங்க மூளை. எறங்கும்போ?"

அவர் குனிந்து ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினார்.

"எறங்கினப்போ உங்க தம்பிகிட்ட என்ன சொன்னிய? அவதான் வாங்கித் தொலைச்சான்னு. இந்தச் செவரு வழியா எனக்குக் கேட்டுது. அதத்தானே இப்போ கோர்ட்டும் கேக்கு. அவதான் வாங்கினான்னு. அன்னைக்குத் தம்பிகிட்டச் சொன்னதெ இன்னைக்கு ஜட்ஜிகிட்டச் சொல்ல என்ன கஷ்டம்?"

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"இன்னைக்கு எனக்கு ஓவர்டைம்," என்றார் நேசையன். "சாயங்காலம் வர மாட்டேன்."

"வரண்டாம். நான் உங்கள விளிக்கல்லியே."

கதவைச் சாத்திக்கொண்டு அவர் போனார். சுகிர்தராணி சீருடையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினாள். அன்று அவளுடைய வார்டில் மூன்று பேருக்கு டிஸ்சார்ஜ். கோர்ட்டை நினைக்க நேரமில்லாமல் போனது நல்லதாயிற்று.

ஆகஸ்ட் மாதம். கடல் பக்கமிருந்து வருகிற புழுக்கத்தில், ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேசையனின் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. துடைத்துப் போட்டால் மறுபடி மூடியது.

கேன்டீனில் உட்கார்ந்தபோது அல் கோபாரிலிருந்து தம்பி டெனிஷ் கூப்பிட்டான். சவுதிக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சப்கான்ட்ராக்ட் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"அண்ணே, போட்டியா?"

"இல்லடே."

"போடாதே. கேட்டியா? போடவே போடாதே. அமெரிக்கக் கோர்ட்டுல உனக்க பேரு வந்தா, ஒனக்க கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? விசாவெ கான்சல் அடிச்சு ஊருக்கு ஏத்தி விடுவான். மைனிகிட்டச் சொல்லு, இதெல்லாம் நமக்கு வேண்டாம்னு. இன்னைக்கு உன்னெ இழுப்பா, நாளைக்கு வேற ஆளெ இழுப்பா."

"அவ என்னெ இழுக்கல்லடே. வரண்டாம்னுதான் சொன்னா."

"அப்போ நல்லதாப் போச்சு. வாயெ மூடிட்டு இரி."

டெனிஷ் பொதுவாக இத்தனை வேகமாகப் பேசுகிறவன் இல்லை. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு அவருடைய கவலை.

எதிர் பெஞ்சில் மணிமாறன் வந்து உட்கார்ந்தான். ராமநாதபுரத்துக்காரன். பங்கு ஏறிய நாட்களில் நேசையனுக்கு 'ஷேர் அண்ணன்' என்று பெயர் வைத்ததே அவன்தான். அந்த நாட்களில் நேசையன் ராத்திரி மனைவியிடம் கேட்டுக்கொண்டதை மறுநாள் இதே பெஞ்சில் சொல்லுவார். சுற்றிலும் கூட்டம் நிற்கும்.

"அண்ணே, கேள்விப்பட்டேன். நிறைய போயிருச்சாமே."

"ம்."

"நீங்க எவ்வளவு வெவரமான ஆளு. பொம்பள பேருல கணக்கு வச்சீங்க பாருங்க, அங்கதான் தப்பு. அவுங்க எதையாச்சும் அமுக்கி விட்ருப்பாங்க. அப்படித்தானே?"

நேசையனின் தலை தானாக ஆடப் பார்த்தது. பாதி ஆடியும்விட்டது. கையில் பிய்த்த குப்பூஸ் ரொட்டித் துண்டு வாய்க்கு வரவில்லை.

அவள் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்காருவாள். கடல் தாண்டி, கறுப்பு அங்கி போட்டவர்கள் அவளிடம் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். மணிமாறன் கேட்ட மாதிரியேதான் கேட்பார்கள். அதற்கு இவர் இங்கே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

"இல்ல," என்றார்.

"என்ன இல்ல?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

எழுந்து கையைக் கழுவினார். நேராக ஃபோர்மேன் ராமையாவிடம் போய், இன்றைக்கு ஓவர்டைம் வேண்டாம் என்றார். ராமையா காரணம் கேட்டார். நேசையன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

நியூயார்க்கில் காலைக் கோர்ட் கூடியபோது ருவைஸில் வெயில் தாழ்ந்திருந்தது. சுகிர்தராணி படுக்கையறை மேசையில் லேப்டாப்பை வைத்து, பின்னால் சுவரில் தொங்கிய துணிகளை எடுத்துவிட்டு, வெளிர் பச்சைச் சேலையில் உட்கார்ந்தாள். திரையில் நீதிபதியம்மாள். சங்கிலி கோத்த கண்ணாடி. ஒரு கட்டத்தில் நஜீஹாவும் பெரிய வக்கீலும், இன்னொன்றில் எதிர்த்தரப்பின் நரைத்த தாடி வக்கீல். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். உண்மையே சொல்வேன் என்று உறுதி வாங்கினார்கள்.

தாடிக்காரர் முதலில் அந்த வீடியோவைப் போட்டார். நேசையன் மைக்கைப் பிடித்துச் சிரித்தார். கைதட்டல். தாடிக்காரர் படத்தை நிறுத்தி, மூலையில் ஒரு இடத்தைப் பெரிதாக்கினார்.

"காகிதத் தட்டில் கேக் வைத்துக்கொண்டு நிற்பது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"சிரிக்கிறீர்கள்."

"ஆமாம்."

"உங்கள் கணவர் சொன்னதை நீங்கள் மறுக்கவில்லை."

சுகிர்தராணி அந்தப் படத்தைப் பார்த்தாள். அன்று எப்படிச் சிரித்தாள் என்பது இப்போதும் நினைவிருந்தது. கன்னம் வலித்தது.

"மறுக்கவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தபோது, என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் எழுந்து சொல்லவில்லை. அன்றைக்கு அது என் வீட்டு விஷயம். இன்றைக்கு நீங்கள் அதை வேறு ஆட்களுடைய விஷயமாக்கிவிட்டீர்கள். அதனால் இன்றைக்குச் சொல்கிறேன்."

"ஓரிபெல் பங்கை வாங்குவது என்று தீர்மானித்தது யார்?"

"நான்."

"கணவரிடம் கேட்டீர்களா?"

"சொன்னேன். கேட்கவில்லை."

நீதிபதியின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. தாடிக்காரர் காகிதத்தைப் புரட்டினார்.

"விலை ஒருமுறை இறங்கியபோது நீங்கள் விற்கவில்லை. இன்னும் வாங்கினீர்கள். ஏன்?"

"அந்த வாரம் கம்பெனித் தலைவர் வந்து, வளைகுடாவில் எங்கள் ரோபோட்டுகள் முழு வேகத்தில் ஓடுகின்றன, ஆர்டர் குவிகிறது என்று சொன்னார். நான் வளைகுடாவில் இருக்கிறேன். இங்கே மணல் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். இது தேவைப்படுகிற பொருள்தான் என்று நினைத்தேன். பொருள் நல்லதுதான். சொன்னது பொய்."

"நீங்கள் இருப்பது அபுதாபியில். வழக்கு நடப்பது நியூயார்க்கில்."

"எனக்கு வருஷ லீவு இருக்கிறது. வரச் சொன்னால் வருவேன். ஊருக்குப் போவதற்குப் பதில் அங்கே வருவேன்."

நீதிபதி கையைத் தூக்கினார். தாடிக்காரர் நிறுத்திக்கொண்டார்.

"திருமதி சுகிர்தராணி, இந்த இடத்துக்கு உங்களை நியமித்தால் உங்கள் வேலை என்ன என்று நினைக்கிறீர்கள்?"

"என் நஷ்டத்தை மட்டும் பார்க்கக் கூடாது. நான் முகம் பார்க்காத ஆட்களுக்காகவும் பேச வேண்டும். வக்கீல்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனி ஏதாவது கொடுத்து முடிக்கப் பார்த்தால், எனக்கு அவசரம் என்பதற்காக எல்லோருக்கும் குறைவாக ஒத்துக்கொள்ளக் கூடாது."

"உங்கள் வக்கீல்கள் சொல்கிற யோசனை உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால்?"

"இன்று காலையில் ஒன்று சொன்னார்கள். வேண்டாம் என்றேன்."

பெரிய வக்கீல் குனிந்து பேனாவைத் தேடினார். நஜீஹா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அது என்ன யோசனை என்று நான் கேட்கப் போவதில்லை," என்றார் நீதிபதி. குரலில் சிரிப்பு இருந்தது.

தாடிக்காரர் விடவில்லை. "நீதிபதி அவர்களே, இவர் நன்றாகப் பேசுகிறார். சொல்லிக் கொடுத்தால் யாரும் பேசலாம். கணக்கை நடத்தியது நான்தான் என்று கணவர் தன் வாயால் சொன்னது நம் முன்னால் இருக்கிறது. அதை அவர் இதுவரை மறுக்கவில்லை. ஒரு வரி வாக்குமூலம்கூட இல்லை. அவர் ஏன் வரவில்லை?"

சுகிர்தராணிக்கு ஊறுகாய் பாட்டில் நினைவுக்கு வந்தது.

பின்னால் கதவு திறந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் நேசையன் திரைக்குள் வந்துவிட்டார். நீலக் கவராலின் கழுத்து முழுக்க வேர்வை. ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வேறு நாற்காலி இல்லாததால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"யார் இவர்?" என்றார் நீதிபதி.

"வீடியோவில் பேசினவன்," என்றார் நேசையன். பிளான்ட்டில் பேசுகிற உடைந்த ஆங்கிலம். "என்னிடம் கேளுங்கள்."

நஜீஹா அவசரமாக எழுந்து அனுமதி கேட்டாள். தாடிக்காரருக்கு மறுக்க வழியில்லை, கூப்பிட்டது அவர்தான். நேசையனிடமும் உறுதி வாங்கினார்கள்.

தாடிக்காரர் குரலை மென்மையாக்கிக்கொண்டார். "ஐயா, அன்று நீங்கள் வேடிக்கையாகப் பேசியிருக்கலாம். நண்பர்கள் கூட்டம். சிரிப்பதற்காகச் சொன்னது. அப்படித்தானே?"

நேசையனுக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. வீட்டு மேசையில் கிடந்த காகிதத்திலும் அதையேதான் எழுதியிருந்தார்கள். ஆமாம் என்றால் முடிந்தது. நாளைக்குக் கேன்டீனில், சும்மா தமாஷ் என்று தோளைக் குலுக்கிவிடலாம்.

"இல்லை," என்றார். "வேடிக்கை இல்லை. எல்லோரும் நம்ப வேண்டும் என்றுதான் சொன்னேன். நம்பினார்கள். அது பொய்."

கழுத்து வேர்வையைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கணக்கின் பாஸ்வேர்டுகூட எனக்குத் தெரியாது. எந்தப் பங்கு, எப்போது, ஏன் என்பதெல்லாம் இவள். மறுநாள் நான் அதை என் யோசனை என்று சொல்லுவேன். விலை விழுந்த பிறகு மட்டும் இவள் செய்தது என்று சொன்னேன்."

தாடிக்காரர் நிமிர்ந்தார். "ஆக, நீங்கள் பொய் சொல்கிறவர். இப்போது சொல்வதை மட்டும் கோர்ட் ஏன் நம்ப வேண்டும்?"

"அன்றைக்கு அந்தப் பொய்க்கு எனக்குக் கைதட்டினார்கள். நாளைக்கு என் பிளான்ட்டில் எல்லோருக்கும் இது தெரிந்துவிடும். இதைச் சொல்வதில் எனக்கு என்ன கிடைக்கிறது? நீங்களே சொல்லுங்கள்."

தாடிக்காரர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

சுகிர்தராணி நேசையனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எழுத்தில் உத்தரவு பிறகு வரும். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மனுப் போட்டவர்களில் பெரிய நஷ்டம் இவருடையது. சட்டம் இவரையே பொருத்தமானவராக முதலில் கருதச் சொல்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும், சந்தேகம் போதாது. எதிர்த்தரப்பு காட்டிய ஆதாரம் ஒரு கிறிஸ்துமஸ் விழாப் பேச்சு. அதைப் பேசியவரே வந்து அது பொய் என்கிறார். தூரத்தில் இருப்பது தகுதிக் குறைவல்ல. தன் வக்கீலிடமே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவரை நான் இந்த இடத்தில் அடிக்கடி பார்ப்பதில்லை. திருமதி சுகிர்தராணியை முதன்மை வாதியாக நியமிக்கிறேன். அவர் தேர்ந்தெடுத்த வக்கீல்களை அங்கீகரிக்கிறேன். அவர்கள் இனி அவர் சொல்வதைக் கேட்பார்கள் என்று நம்புகிறேன்."

திரை அணைந்தது.

சுகிர்தராணி லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பினாள். நேசையனின் ஷூவிலிருந்து மணல் விரிப்பில் கொட்டியிருந்தது.

"வரமாட்டேன்னு சொன்னிய," என்றாள்.

"நீ விளிக்கல்லியே. அதான் வந்தேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பசிக்குதா?"

"பசிக்குது. மத்தியானம் சாப்பிடல்ல." சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கினார். "நாளைக்கு மணிமாறன் வந்து நல்ல ஷேர் ஏதாம் உண்டான்னு கேப்பான்."

"எனக்க நம்பரக் குடுங்க."

அவர் சிரித்தார். பல மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். எழுந்து சமையலறைப் பக்கம் போனார். மீன் குழம்புச் சட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் செல்போன் அடித்தது. டெனிஷ்.

அண்ணனைக் கூப்பிடாமல் தன்னை ஏன் கூப்பிடுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. திட்டத்தான் போகிறான் என்று எடுத்தாள்.

"மைனி, எல்லாம் கேட்டேன்."

"எங்க வச்சு?"

"யாரும் கேக்கலாம்னு கோர்ட்டுக்காரங்க ஒரு லைன் குடுத்திருந்தாங்க. அதுல இருந்தேன். அண்ணன் பேசினதும் கேட்டேன். அண்ணன் இப்படிப் பேசுவான்னு நான் நெனைக்கல்ல மைனி."

"நானும் நெனைக்கல்ல டெனிஷே."

"மத்தியானம் நான் அண்ணனெத் தடுத்தேன். குடும்ப மானத்துக்குன்னு நெனைச்சிருப்பான். அதுக்கில்ல." பின்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். "ஓரிபெல் ரோபோட்டு எல்லாம் இஞ்சதான் நிக்குது. எங்க கம்பெனிக்க யார்டுல. அந்த யார்டுக்குச் சூப்பர்வைசர் நானாக்கும்."

சுகிர்தராணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது டெனிஷின் மனைவி, சவுதியில் அவன் தங்குவதற்கான இகாமா, கல்யாணத்துக்கு நிற்கிற அவன் மச்சினி. அதற்குப் பிறகுதான் அந்த முகம் தெரியாத கூட்டம். எங்கோ ஒரு ஊரில் அவளைப் போலவே காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். இன்றைக்கு அவர்கள் யாரும் அறியாமலே அவர்களுக்கு முன்னால் ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்கள்.

"நிறுத்து," என்றாள். "இதுக்கு மேல பேசதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்க. காலையில நீ இதெச் சொல்லியிருந்தா, நான் உனக்க மைனி மட்டுந்தான். இப்போ அப்படி இல்ல. நீ சொல்லுதெ நான் வக்கீல்ட்டச் சொல்லணும். உன்னெக் காப்பாத்தணும்னு மறைச்சு வைக்க எனக்கு இனி முடியாது. உனக்க அண்ணன் காலுல விழுந்தாலும் முடியாது. போனெ வச்சிட்டு நல்லா யோசிச்சிட்டு விளி. வேண்டாம்னா விளிக்கவே வேண்டாம். நான் கோவப்பட மாட்டேன்."

நேசையன் கையில் தட்டோடு வாசலில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, போனுக்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

டெனிஷ் போனை வைக்கவில்லை.

"அது தெரிஞ்சுதான் விளிச்சேன் மைனி. ஸ்பீக்கருல போடுங்க, அண்ணனும் கேக்கட்டும்."

அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"ஒரு பெட்டிகூட இதுவரை பிரிக்கல்ல," என்றான் டெனிஷ். "ஆனா அம்புட்டும் ஓடுதுன்னு மாசாமாசம் அமெரிக்காவுக்கு ரிப்போர்ட் அனுப்பினது நானாக்கும்."